கையில் இருப்பதும் கணக்கில் இருப்பதும்



சென்ற மாதம் வரவு செலவுக் கொப்பி எழுதுவது பற்றிக் கதைத்தோம். அதை வாசித்துவிட்டு முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மூத்த மகள் சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் பாடம் எடுக்கிறாளாம். கடிதத்தின் ஒரு பகுதி இது:

"மகள் கணக்குப் பார்த்துவிட்டு, அம்மா இந்த மாதம் உங்களுக்கு 15,000 ரூபா இலாபம் என்றாள். நான் காசு போடும் டின்னைத் திறந்து காட்டினேன். ஒரு சதமும் இல்லை. பிள்ளை பிழையாகக் கணக்குப் பார்த்தாளா, அல்லது என் காசை யாராவது எடுத்தார்களா?"

சகோதரி, மகளின் கணக்கும் சரி, உங்கள் டின்னும் சரி. யாரும் எடுக்கவில்லை. இலாபம் என்பது ஒன்று, காசு என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நம்மில் பலர் கடனில் விழுகிறோம். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஒரு பென்சிலும் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

இலாபம் எங்கே போனது?

கடிதத்தில் உள்ள விபரங்களை வைத்துப் பார்ப்போம். அவர் தைத்து விற்ற உடுப்புகளின் பெறுமதி 40,000 ரூபா. செலவு 25,000 ரூபா. மிகுதி 15,000 ரூபா இலாபம். இதுவரை மகள் சொன்னது சரி.

இப்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது, விற்றதற்கெல்லாம் காசு வந்ததா? இல்லை. 9,000 ரூபாவுக்கு அயலவர்கள் கடனுக்கு வாங்கியிருக்கிறார்கள். அது இலாபத்தில் சேர்ந்திருக்கிறது, டின்னில் சேரவில்லை. எனவே 9,000 ரூபாவைக் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கிய துணியெல்லாம் தைத்து விற்றாயிற்றா? இல்லை. பண்டிகைக்காக வாங்கிய 4,000 ரூபாத் துணி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. விற்காத துணியை மகள் செலவில் சேர்க்கவில்லை. அப்படித்தான் சேர்க்காமல் விட வேண்டும். ஆனால் அதற்கான காசு கடைக்குப் போய்விட்டது. எனவே இன்னும் 4,000 ரூபாவைக் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, செலவென்று எழுதியதெல்லாம் காசாகப் போனதா? அதுவும் இல்லை. 60,000 ரூபா இயந்திரம் 5 வருடம் உழைக்கும் என்று வைத்து, மாதம் 1,000 ரூபாவை மகள் தேய்மானமாக எழுதியிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் இதைப் பெறுமானத் தேய்வு என்பார்கள். அந்த 1,000 ரூபாவை யாரிடமும் எண்ணிக் கொடுக்கவில்லை. எனவே அதைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

15,000 − 9,000 − 4,000 + 1,000 = 3,000 ரூபா.

தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்தது 3,000 ரூபாதான். இயந்திரம் வாங்கிய கடனுக்கு அந்த மாதத் தவணை 3,000 ரூபா கட்டியிருக்கிறார். மிகுதி ஒன்றுமில்லை. டின் வெறுமையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

பெரிய கம்பனிகளின் கணக்காளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். இலாபத்தில் தொடங்கி, வராத காசைக் கழித்து, போகாத காசைக் கூட்டி, கைக்கு வந்த காசைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பத்திரத்துக்குக் காசுப் பாய்ச்சல் கூற்று என்று பெயர். மகள் அதையும் படிப்பாள். அப்போது உங்கள் கொப்பியையே உதாரணமாகக் கொடுங்கள்.

மூன்று பெட்டிகள்

எங்கள் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்கள் கம்பனிகளின் கையில் இருக்கின்றன. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகள் வருடந்தோறும் கணக்கு வெளியிட வேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 7 இன்படி, காசு வந்து போனதை அவை மூன்று பகுதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். தேயிலை விற்று வந்த காசு, சம்பளம், உரம் ஆகியவற்றுக்குக் கொடுத்த காசு ஒரு பகுதி. இயந்திரம் வாங்குவதும் பழைய செடியைப் பிடுங்கிப் புதுச் செடி நடுவதும் இரண்டாவது பகுதி. செடி பல வருடம் கொழுந்து தரும் என்பதால் நடும் செலவு முதலீடு. வங்கிக் கடன் வாங்குவதும் அடைப்பதும் மூன்றாவது பகுதி.

கம்பனிக்கு உதவுகின்ற இந்தக் கணக்கு லயத்து வீட்டுக்கும் உதவும். நாம் அவற்றை உழைப்புப் பெட்டி, முதலீட்டுப் பெட்டி, கடன் பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு தாயை உதாரணமாக எடுப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கணக்கு விளங்குவதற்காக அந்தத் தொகையையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் சம்பளத்துண்டில் வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. 22 பேர் விழுந்தால் 29,700 ரூபா. வீட்டில் ஒரு பசு இருக்கிறது, பால் விற்று 9,000 ரூபா வருகிறது. மாத ஆரம்பத்தில் கையில் இருந்தது 1,200 ரூபா.

உழைப்புப் பெட்டி
வரவு: சம்பளம் 29,700, பால் 9,000. மொத்தம் 38,700.
செலவு: கடைச் சாமான் 21,000, பாடசாலையும் பஸ்ஸும் 4,500, மின்சாரமும் மருந்தும் 3,150, மாட்டுத் தீவனம் 3,000, சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத்தூள் ஆகியவை 850. மொத்தம் 32,500.
மிகுதி: 6,200 ரூபா வரவு.

முதலீட்டுப் பெட்டி
ஊழியர் சேமலாப நிதிக்குக் கழித்த 8 வீதம் 2,376, சீட்டு 3,000.
மொத்தம்: 5,376 ரூபா செலவு.

கடன் பெட்டி
தீபாவளி முற்பணக் கழிவு 2,500, வாரக்கடன் தவணை 1,500 வீதம் 4 வாரத்துக்கு 6,000. மொத்தம் 8,500 செலவு.
தோட்டை அடகு வைத்து வந்தது 8,000 வரவு.
மிகுதி: 500 ரூபா செலவு.

இப்போது மூன்றையும் சேர்ப்போம். 6,200 − 5,376 − 500 = 324. ஆரம்பத்தில் இருந்த 1,200 உடன் சேர்த்தால் மாதக் கடைசியில் கையில் 1,524 ரூபா.

கைக்காசை மட்டும் பார்த்தால் இந்தத் தாய் முன்னேறியிருக்கிறார். 1,200 ரூபா 1,524 ஆகியிருக்கிறது. பெட்டிகளைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். உழைப்பு தந்த மிகுதி 6,200. சேமிப்பும் தவணையும் கேட்டது 13,876. இடையில் 7,676 ரூபா பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தோடு நிரப்பியிருக்கிறது. அடுத்த மாதமும் அதே தவணை, அதே சீட்டு. தோடு அடகுக் கடையில். அந்த மாதம் எதை வைப்பது?

இதனால்தான் கையில் இருக்கும் காசை மட்டும் பார்த்து, "சமாளிக்கலாம்" என்று சொல்லக்கூடாது என்கிறேன். காசு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உழைப்பிலிருந்து வந்த காசு அடுத்த மாதமும் வரும். அடகிலிருந்து வந்த காசு திரும்பிப் போவதற்காகவே வந்தது.

தவணைக்குக் கையொப்பம் இடுமுன்

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எப்படி வந்து நுழைந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையகத்திலும் லயம் லயமாக வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. அதே வருடம் இலங்கை மத்திய வங்கி, தன்னிடம் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு வருடம் 35 வீதம் என்று உச்ச எல்லை வைத்தது. அந்த அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது.

வட்டி எவ்வளவு என்று கேட்டால், "வருடத்துக்கு 25 வீதம்கூட இல்லை அக்கா" என்பார்கள். 50,000 ரூபாக் கடன், வாரம் 1,200 ரூபா, 52 வாரம் என்று வைப்போம். கட்டி முடிப்பது 62,400 ரூபா. 12,400 ரூபா வட்டி. 50,000க்கு 12,400 என்றால் ஏறக்குறைய 25 வீதம் என்றுதான் தோன்றும்.

ஆனால் 50,000 ரூபாவும் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? இல்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டீர்கள். பாதி வருடத்தில் ஏறக்குறைய பாதிக் கடன்தான் மிகுதி. சராசரியாக உங்களிடம் இருந்தது பாதிப் பணத்தை விடக் கொஞ்சம் கூட. வட்டியோ முழுப் பணத்துக்கும் கட்டியிருக்கிறீர்கள். குறைந்துவரும் மீதியை வைத்துச் சரியாகக் கணக்குப் பார்த்தால் இது வருடம் 45 வீத வட்டி.

எனவே யார் கடன் தர வந்தாலும் இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். குறைந்துவரும் மீதிக்கு வட்டி எத்தனை வீதம் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, உங்கள் உழைப்புப் பெட்டியின் கடந்த 3 மாத மிகுதியைப் பாருங்கள். அதில் மிகக் குறைந்த மாதத்தின் மிகுதியை விடத் தவணைகள் எல்லாம் சேர்த்துக் கூடினால் கையொப்பம் இடாதீர்கள். மழையில் பேர் குறையும் மாதமும் உண்டு, பசு பால் வற்றும் மாதமும் உண்டு. தவணை மட்டும் வற்றாது.

சம்பளத்துண்டில் தெரியாத காசு

இனி, கைக்கு வராமலே நமக்குச் சேரும் காசைப் பார்ப்போம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி உருவானது ஊழியர் சேமலாப நிதி. நாம் ஈ.பி.எப். என்கிறோம். இன்று நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கிறார்கள். அதோடு தொழில் தருபவர் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.டி.எப்.இற்கு, இன்னும் 3 வீதம் போட வேண்டும். இந்த 3 வீதம் முழுவதும் தொழில் தருபவருடையது, நம் சம்பளத்தில் கழிக்கக்கூடாது.

29,700 ரூபாச் சம்பளத்துக்கு நம் 8 வீதம் 2,376. தோட்டத்தின் 12 வீதம் 3,564. ஈ.பி.எப்.இல் மாதம் 5,940 ரூபா சேர வேண்டும். ஈ.டி.எப்.இல் 891 ரூபா சேர வேண்டும்.

எந்த முதலீட்டின் மீதியையும் பார்க்க ஒரே வழிதான் உண்டு.

ஆரம்ப மீதி + சேர்ந்தது + வட்டி − எடுத்தது = இறுதி மீதி.

சீட்டுக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் ஈ.பி.எப்.இற்கும் இதுதான் சூத்திரம். வருட ஆரம்பத்தில் ஒருவரின் ஈ.பி.எப். மீதி 6,00,000 ரூபா என்று வைப்போம். 12 மாதத்தில் சேர்வது 71,280. கணக்கு எளிதாக இருக்க வட்டி 10 வீதம் என்று வைத்தால், ஆரம்ப மீதிக்கு வட்டி 60,000. மாதாமாதம் சேர்ந்ததற்குச் சராசரியாக அரை வருட வட்டி 3,564. ஒன்றும் எடுக்கவில்லை. கூட்டினால் 7,34,844 ரூபா.

கூற்றில் இதற்குக் கிட்டிய தொகை இருந்தால் நல்லது. 24,000 ரூபா அளவில் குறைந்திருந்தால்? 5,940ஆல் பிரித்துப் பாருங்கள், 4 வரும். நாலு மாதப் பணம் போகவில்லை போலிருக்கிறது என்று அப்போதே சந்தேகப்படலாம். அந்தந்த மாதச் சம்பளத்துண்டை எடுத்துக்கொண்டு முதலில் தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறையிடுங்கள். பிந்திக் கட்டும் தொழில் தருபவர் தாமதத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கேட்பது பிச்சை அல்ல.

வட்டி வருடத்துக்கு வருடம் மாறும். 2022இற்கு 9 வீதம் கொடுத்தார்கள், 2023இற்கு 13 வீதம் கொடுத்தார்கள். அதேவேளை 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பொருட்களின் விலை ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. 9 வீதம் வளர்ந்த காசு, 70 வீதம் வளர்ந்த விலைக்கு முன் என்ன செய்யும்? மீதி வளர்வது போலத் தெரிந்தாலும் அதனால் வாங்கக்கூடிய அரிசி குறைந்துபோனது. முதலீட்டு மீதியைப் பார்க்கும்போது அரிசி விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கம்பனி நமக்குத் தர வேண்டிய கடன்

இன்னொரு மீதியும் இருக்கிறது. அது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 25 வருடம் வேலை செய்தவருக்கு 14 × 1,350 × 25 = 4,72,500 ரூபா.

இந்தப் பணம் எந்த வங்கிப் புத்தகத்திலும் நம் பெயரில் இல்லை. ஆனால் தோட்டக் கம்பனியின் ஐந்தொகையைப் பார்த்தால், ஓய்வுகால நன்மைக் கடப்பாடு என்று ஒரு பெரிய தொகை பொறுப்புகளின் பக்கத்தில் இருக்கும். பொறுப்பு என்றால் கம்பனி கொடுக்க வேண்டியது. முற்பணத்துக்காகக் காரியாலய வாசலில் நிற்கும்போது நாம்தான் கடன்காரர் என்று கூனிக்குறுகுகிறோம். கம்பனியின் சொந்தக் கணக்கிலேயே நாம் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் இருக்கிறோம். உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தொகையையும் எழுதி வையுங்கள்.

1990களில் அரச தோட்டங்கள் கம்பனிகளாக்கப்பட்டபோது, அக்கம்பனிகளின் பங்குகளில் 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. அக்காலத்தில் வேலை செய்த தாய் தகப்பன் வீட்டில் இருந்தால், பெட்டிக்குள் பங்குச் சான்றிதழ் ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதுவும் ஒரு முதலீட்டு மீதிதான்.

பெரியம்மாவின் இலக்கம்

"எங்கள் கடதாசியெல்லாம் போரில் போய்விட்டதே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அதனால் என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவும் என் அம்மாவும் ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் பேர் பதிந்தவர்கள். பெரியம்மா 11 வருடம் கொழுந்தெடுத்தார். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு, இனி இங்கே இருக்க வேண்டாம் என்று குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார். காடு வெட்டினார், கிணறு வெட்டினார், வீடு கட்டினார். 2009இல் அதையெல்லாம் விட்டு நடந்து, முகாமில் இருந்து, அடுத்த வருடம் ஒரு துணிப்பையோடு தலவாக்கலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பையில் ஓர் அடையாள அட்டைப் பிரதியும் இரண்டு சேலையும் இருந்தன.

ஒருநாள் அம்மா, "அக்கா, உன் ஈ.பி.எப். எடுத்தியா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. எடுக்கலாம் என்றே தெரியாது. இலக்கமும் தெரியாது. தோட்டக் காரியாலயத்தில், முகாமைத்துவம் இரண்டு தடவை மாறிவிட்டது, பழைய செக்ரோல் இல்லை என்றார்கள்.

அம்மா அன்று இரவு பால்மா டின்னைக் கொட்டினார். அவர் தன் சம்பளத்துண்டு ஒன்றையும் வீசாதவர். டின்னுக்குள் அவருடைய ஈ.பி.எப். அட்டை இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல தானே பேர் பதிஞ்சோம். எனக்கு முன்னாடி அக்கா நின்னுச்சு" என்றார். அம்மாவின் இலக்கத்துக்கு முந்திய இலக்கத்தை எழுதிக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போனோம். பல தடவை பஸ் ஏறினோம். சத்தியக்கடதாசி முடித்தோம். கடைசியில் அந்த இலக்கம் பெரியம்மாவுடையதுதான் என்று உறுதியானது.

33 வருடம் யாரும் தொடாத கணக்கு. அந்தக் காலத்தில் நாட்சம்பளம் சில ரூபாக்கள்தான், ஆகவே சேர்ந்திருந்ததும் சிறு தொகை. ஆனால் வட்டிக்கு வட்டி சேர்ந்திருந்தது. 10 வீத வட்டியில் ஒரு தொகை ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிக்கும். 33 வருடத்தில் 1,000 ரூபா 23,000 ரூபாவாகும். அரிசி விலை அதை விட வேகமாக ஓடியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வந்த காசில் ஒரு பசுக் கன்றுகூட வாங்க முடியவில்லை.

காசோலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "காசு கெடக்கட்டும் புள்ள. நான் பதினோரு வருசம் அந்த மலையில கொழுந்தெடுத்தேன்னு ஒரு கடதாசியாவது சொல்லுது பாரு."

வீட்டுக்கும் கிணற்றுக்கும் அவரிடம் ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை. அவர் உழைத்ததற்குச் சாட்சியாக மிஞ்சியது அந்த மீதி ஒன்றுதான்.

இந்த மாத வேலை

சகோதரிகளே, அடுத்த இதழ் வருவதற்குள் இவற்றைச் செய்து வையுங்கள்.

1. கொப்பியில் மூன்று பெட்டி வரைந்து, ஒரு மாதக் காசை அதற்குள் பிரித்து எழுதுங்கள். அடகுக் காசையும் கடன் காசையும் வருமானம் என்று எழுத வேண்டாம்.

2. உங்கள் ஈ.பி.எப். தொழில் தருநர் இலக்கத்தையும் அங்கத்தவர் இலக்கத்தையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சம்பளத்துண்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

3. பின்னுரித்தாளியாக யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இறந்துபோன கணவரின் பெயரோ தகப்பனின் பெயரோ இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

4. கணவர் எங்காவது தோட்டத்திலோ ஆலையிலோ கடையிலோ சம்பளத்துக்கு வேலை செய்தாரா? அப்படியானால் அவர் பெயரிலும் ஒரு மீதி இருக்கலாம். அங்கத்தவர் இறந்திருந்தால் உரித்தாளிகள் "எல்" விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நாமே நம் பணத்தை எடுப்பதற்கு "கே" விண்ணப்பம். பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55 வயதில். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராமல் தவிப்பதை நான் அறிவேன். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணம் என்று பதியாமல், அவர் காணப்படவில்லை என்பதைக் குறிக்கும் சான்றிதழைப் பெற வழி செய்யப்பட்டது. அதை வைத்து என்னென்ன பெறலாம் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

5. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ ஈ.பி.எப்.இல் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வசதி, 10 வருடம் பணம் கட்டியவர்களுக்கு 2015 முதல் இருக்கிறது. எடுத்தால் அதைச் சூத்திரத்தின் "எடுத்தது" என்ற இடத்தில் எழுதுங்கள். அது இனாமாக வந்த காசு அல்ல, முதுமைக்கு வைத்த காசு. எனவே வாரத்தவணை கட்டுவதற்காக மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.

முல்லைத்தீவுச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. கடனுக்குக் கொடுத்த 9,000 ரூபாவை இந்த மாதம் கேட்டு வாங்குங்கள். அயலவர் என்று கூச்சப்பட வேண்டாம். அதுவும் உங்கள் மீதிதான், வேறொருவரின் டின்னில் இருக்கிறது. வாங்கியதும் மகளிடம் சொல்லுங்கள், எந்தப் பெட்டியில் எழுத வேண்டும் என்று அவள் சொல்லட்டும்.

அடுத்த மாதம் சீட்டுக் கட்டுவதில் உள்ள நன்மை தீமைகளைப் பார்ப்போம். சந்தேகங்களை எழுதுங்கள்.